கூனன்பாறையில் மாப்பிள்ளை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கருங்கல்லைப் பற்றி என்னோடு சரிக்குச் சரி கதைக்கக்கூடிய ஒரு மனிதனை இந்தக் கரையில் நான் இன்னும் காணவில்லை. பதினான்கு வயதில் சம்மட்டி பிடித்தேன். முப்பத்து மூன்று வயதில் சொந்த லொறி ஓட்டினேன். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாடி வைத்துக் கட்டிய வீடுகளில் எத்தனையின் அத்திவாரம் நான் உடைத்த கல்லில் நிற்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. மேலே நிறம் பூசியவனின் பெயரைத்தான் சொல்வார்கள்.

பாறை ஏறுவது படித்தவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு. எங்களுக்கு அது வேலை. வெடி வைக்கத் துளை போட வேண்டுமென்றால் ஏறத்தான் வேண்டும். ஏறினால் இறங்கத்தான் வேண்டும். அதில் வீரம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. விழுந்து மௌத்தானவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு பேர். இரண்டு பேரும் வீரர்கள்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எழுபத்தெட்டில் பெரிய சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் நான் ஒரு மாப்பிள்ளையைப் பாறைக்குக் கூட்டிப்போய்க் குளவிக்குத் தின்னக் கொடுத்தேன் என்று பக்கத்து ஊரில் இன்றைக்கும் ஒரு கதை நடமாடுகிறது. அந்தக் கதையை முதலில் சொன்னவன் நான்தான். அது பொய்.

வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். தங்கச்சிக்கு வாப்பாவும் நான், காக்காவும் நான். அவளுக்கென்று ஒரு கல்வீடு கட்டி முடித்து வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே வீடு இல்லாமல் பேச்சுக் கிடையாது. வீடு இருந்தும் இரண்டு இடம் பேசி முறிந்தது. கல்லுடைக்கிறவன் வீட்டில் சம்பந்தமா என்று ஒரு வீட்டார் வாய்விட்டே கேட்டார்கள். மற்ற வீட்டார் கேட்காமலேயே எழுந்து போனார்கள். அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. மூன்றாவதாக வந்தவர் ஒரு கணக்கு மாஸ்டர். அவருடைய வாப்பா வயல்கார போடியார். நிக்காஹ்வுக்கு நாள் வைத்தாயிற்று. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்ற நிலையில் மாஸ்டரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: தானும் இரண்டு நண்பர்களும் கூனன்பாறை ஏறப் போகிறார்களாம், மச்சானின் லொறி கிடைக்குமா என்று.

வாசிகசாலையில் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரன் கயிற்றில் தொங்குகிற படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். படத்தைப் பார்த்துப் பாறை ஏறலாம் என்றால் படத்தைப் பார்த்துப் பசியும் ஆறலாம்.

மாப்பிள்ளை முதல்முதலாகக் கேட்கிற காரியம். இல்லை என்று சொல்ல வழியில்லை. உம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"மகன், நீயும் கூடப் போ. அந்தப் புள்ளயப் போன மாதிரியே முழுசாக் கொண்டு வந்து தா. இதுவும் முறிஞ்சா நாலாவதா ஒருத்தன் இந்தப் படியில கால் வைக்க மாட்டான்."

"பாறைக்கு நான் போறது இது முதல் தரமா, உம்மா?"

"நீ போவாய். அவங்க போவாங்களா?"

உம்மாவும் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. சரியான கேள்வி அது.

சுபஹு தொழுதுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேரும் சந்தியில் நின்றார்கள். மாஸ்டர் தொடையை இறுக்கிப் பிடித்துக் கீழே பாவாடை மாதிரி விரிகிற பெல்பொட்டமும் குதி உயர்ந்த சப்பாத்தும் போட்டிருந்தார். அடுத்தவர் வங்கியில் கிளாக்கர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மூன்றாமவர் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் கீறுகிறவர். கூனன்பாறையைக் கடதாசியில் கீறிக் கொண்டுவந்திருந்தார். எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி வேறு. பாறையை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

வங்கிக்காரர் தோளில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். கரைவலை இழுக்கிற கயிறு. கடற்கரையில் மீன்வாடிக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கினாராம்.

"முப்பது பேர் இழுக்கிற கயிறு, காக்கா. மூணு பேரத் தாங்காதா?"

கடற்கரையில் பிறந்தவன் மட்டும்தான் இப்படியொரு பிழை விடுவான். கயிறு என்றால் அவனுக்குக் கடல் கயிறுதான். நான் சுருளை வாங்கி, ஒரு முறுக்கைக் கையால் எதிர்ப்பக்கம் திருகிப் பிரித்துக் காட்டினேன். உள்ளேயிருந்து உப்பும் மணலும் தூளாகக் கொட்டின. வெளியே தடிப்பாகத்தான் இருக்கும். உள்ளே மணல் நாரை அரம் மாதிரி அராவி வைத்திருக்கும். அது ஈரத்தில், மணலில் இழுக்கிறபோது தாங்கும். பாறையின் விளிம்பில் மனிதப் பாரத்தோடு உரசினால் நூல் மாதிரிப் போகும். அறுந்தால் கடலில் மீன் தப்பும். இங்கே என்ன தப்பும் என்று கேட்டேன். அந்தக் கயிற்றைச் சந்திக் கடையில் வைத்துவிட்டு, லொறியில் பாரம் கட்டுகிற என்னுடைய கயிற்றோடு புறப்பட்டோம்.

மாஸ்டர் எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். ஏறின உடனே லொறி முழுவதும் மணந்தது.

"மாஸ்டர், இது என்ன மணம்?"

"அத்தர். உம்மா பூசி விட்டவ. நாள் வெச்ச மாப்பிள்ள, சும்மா வெளிய போகப்படாதாம்."

நாள் குறித்த மாப்பிள்ளையை வீட்டுப் பெண்கள் அத்தர் பூசாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள். கழுத்து, காதுக்குப் பின்னால், சட்டைக் கொலர், எல்லா இடமும் தடவியிருந்தார்கள்.

"பாறையில குளவி இரிக்கி. மணத்துக்குக் கிளம்பும். வாய்க்கால்ல நிப்பாட்டுறன். நல்லாக் கழுவிட்டு என்ட சாரன் ஒண்டு இரிக்கி, அத உடுத்திட்டு வாங்க."

"அத்தர் பூசுறது சுன்னத்து, மச்சான்."

பின்னாலிருந்து வங்கிக்காரர் தலையை நீட்டினார். "விடுடா. கல்லோட கிடக்கிற மனிசனுக்கு அத்தர்ர அருமை எப்படித் தெரியும்."

மாஸ்டரும் சிரித்தார். நபி காட்டித் தந்த சுன்னத்து மனிதருக்கு, குளவிக்கு அல்ல என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எட்டு நாளில் மச்சானாகப் போகிறவரிடம் மார்க்கத்தைப் பற்றி வாய் கொடுக்க நாலாம் வகுப்புக்காரனுக்குத் துணிவு வரவில்லை. அந்த இடத்தில் லொறியைத் திருப்பியிருக்க வேண்டும்.

குளவி என்று நாங்கள் சொல்வது, பாறைத் தாழ்வாரத்தில் ஆள் உயரத்துக்கு வதை கட்டுகிற பெரிய மலைத்தேனீயை. ஒன்று கொட்டினால் காய்ச்சல். கூட்டமாகக் கொட்டினால் கபன் துணி.

பாறை அடிவாரத்தில் காரைதீவுப் பக்கத்து ஐயா ஒருவர் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்துகொண்டிருந்தார். பாறைக்குப் போகிறவன் முதலில் அங்கே வாழ்கிற மனிதனிடம் கேட்க வேண்டும். எங்கள் படித்தவர்கள் அவருக்கு முகம் கொடுக்காமல் நேரே நடந்தார்கள். நான் நின்று கேட்டேன்.

"கிழக்குச் சரிவால ஏறுங்க காக்கா. மேற்கு முகத்தில மூணு வதை தொங்குது, அந்தப் பக்கம் தலை வச்சும் பாக்காதீங்க. பின்னேரம் ஆனை குளத்துக்கு இறங்கும். அஸருக்குப் பாங்கு சொல்ற நேரத்துக்கு முதல் இறங்கிருங்க."

"அதுக்குள்ள நாங்க இறங்கல்ல எண்டா?"

"நான் வந்து பாக்கன்."

பாறைக்குப் போகிறவனுக்கு முதல் காவல் இதுதான். நீ எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு மூன்று பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றுங்கள், வெறுங்காலுக்குப் பாறை பொய் சொல்லாது. கறுத்த கோடு ஓடுகிற இடத்தில் மிதிக்காதீர்கள், அது மழைத் தண்ணீர் வழிந்த பாசி, காய்ந்தாலும் வழுக்கும். பிடிக்கிற கல்லை முதலில் தட்டிப் பாருங்கள். கிண்ணென்றால் கல், பொத்தென்றால் வெறும் செதில். இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது. இறங்கத் தெரியாத வழியால் ஏறக் கூடாது. ஒருவரும் தனியே போகக் கூடாது, மேற்குப் பக்கம் போகவே கூடாது. வங்கிக்காரர் கொட்டாவி விட்டார். படம் கீறுகிறவர் தன் சிவப்பு அம்புக்குறி மேற்கு முகத்தைத்தான் காட்டுகிறது என்று சொல்லி வாதாடினார்.

பாதிச் சரிவில் ஒரு வீரை மரம் நின்றது. கயிற்றை அதிலே கட்டுவோம் என்றார்கள். நான் அடிமரத்தைக் காட்டினேன். வேரைச் சுற்றி மண் வட்டமாக வெடித்திருந்தது. சூறாவளி அதை ஆட்டிவிட்டுப் போயிருந்தது. பச்சை இலையோடு நின்றாலும் அது விழுந்து முடிந்த மரம். பாறையிலேயே முளைத்த ஒரு கல் முனையில் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பெல்பொட்டத்தில் மாஸ்டருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் காலை வாசற்கதவு மாதிரி வெளியே வீசி வைத்தார்.

பத்து மணிக்குக் கச்சான் காற்று அனலாக அடிக்கத் தொடங்கியது. இளைப்பாறலாம் என்று ஒரு தட்டையில் இருந்தோம். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மாஸ்டர் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். நான் தண்ணீர்க் கானைத் திறந்துகொண்டிருந்தேன். வங்கிக்காரரும் படம் கீறுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு முதல் மாஸ்டர் உச்சிக்குப் போய் மேலே நின்று கைதட்டுவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். மணல்மேடு பாதிப் பாறை வரை ஏறிக் கிடக்கிற பக்கம், நிழலாக இருக்கிறது என்று அவர் பிடித்த வழி மேற்கு முகம்.

முதலில் ஒரு இரைச்சல் கேட்டது, தூரத்தில் நெல் மில் ஓடத் தொடங்கியது போல. அதற்குப் பிறகுதான் மாஸ்டரின் குரல்.

"மச்சான்! மச்சான்!"

நண்பர்கள் இரண்டு பேரும் ஓடியதை நான் இன்னும் மறக்கவில்லை. அரை மணித்தியாலம் எடுத்து ஏறிய சரிவை ஐந்து நிமிடத்தில் இறங்கினார்கள். படம் கீறுகிறவர் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் போய் இருந்துகொண்டார். வங்கிக்காரர் என் லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். கீழே இறங்கி வந்து, அவர் உள்ளே பூட்டிக்கொண்ட கதவைத் தட்டித்தான் என் சாக்குகள் இரண்டையும் நான் வாங்க வேண்டியிருந்தது. கண்ணாடியை நாலு விரல் கீழே இறக்கி அந்த இடைவெளியால் தள்ளிவிட்டார். சாக்குகளைத் தண்ணீரில் தோய்த்து ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மற்றதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் போனேன். சேனைக்கார ஐயா சொல்லாமலேயே பச்சைக் குழையை நெருப்பில் போட்டுப் புகை எழுப்பத் தொடங்கியிருந்தார்.

மாஸ்டர் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு விளிம்பில் நின்றார். முகமே தெரியவில்லை, குளவிதான் தெரிந்தது. இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் விட்டால் பாறையில் மிச்சம் என்ன. அந்த நேரம் குளவியை நான் நினைக்கவில்லை. உம்மாவின் வாசற்படியைத்தான் நினைத்தேன்.

"அடிக்காதீங்க. அடிச்சா இன்னும் வரும். பாறையப் புடிங்க. ஒரு கையால சேட்டக் கழட்டி எறிங்க, தூரத்துக்கு."

"ஏலா மச்சான்."

"உங்கட உம்மா பூசின அத்தரத்தான் அதுகள் தேடுது. எறிங்க."

பொத்தான்கள் தெறித்தன. சட்டை காற்றில் பறந்து ஒரு பற்றையில் விழுந்தது. குளவியில் பாதி அதற்குப் பின்னால் போனது. அந்த இடைவெளியில் நான் ஏறினேன். எனக்கு ஏழு கொட்டு. அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். கழுத்திலிருந்த சாக்கை அவர் மேல் போட்டு, பாறையோடு குந்த வைத்து, நானும் பக்கத்தில் குந்தினேன். அசையாமல் கிடந்தோம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

சாக்குக்குள் அவர் அழுதார். பிறகு கலிமா சொன்னார். பிறகு, "மச்சான், கொஞ்சம்தான் மிச்சம். மேல போயிட்டா அங்கால சரிவால இறங்கலாம்" என்றார்.

"மேல எவ்வளவு எண்டு கண்டீங்களா?"

"படத்தில இரிக்கி."

"மாஸ்டர், மூணு வதையும் உங்கட தலைக்கு மேல இரிக்கி. மேல போறதெண்டா அதுகளுக்குள்ளால போகணும்."

அதற்குப் பிறகு அவர் கணக்குச் சொல்லவில்லை.

கீழேயிருந்து ஐயா, "அடங்கிட்டுது, மெதுவா வாங்க" என்று குரல் கொடுத்தார். மாஸ்டரின் காற்சட்டை முழங்காலைக் கத்தியால் கிழித்து விட்டேன். முகத்தைப் பாறைக்குத் திருப்பி வைத்து, நான் கீழே நின்று அவருடைய பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பள்ளத்தில் வைத்தேன். கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. அவருக்கு என் குரல் மட்டும்தான் வழி. இடக்கால், இன்னும் கீழே, ஓம், இப்ப கைய விடுங்க. இரண்டு ஆள் உயரம் இறங்க எத்தனை நேரம் போனதென்று தெரியாது. நிலத்தில் கால் பட்டதும் அவர் மணலில் சஜ்தாவில் விழுந்தார். அந்த ஒரு காரியத்தை அவர் சரியாகச் செய்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுக்குகளைப் பிடுங்கி எண்ணிக்கொண்டு வந்த தாதி பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். முகம்தான் பூசணிக்காய்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு போடியார் மகனையும் கூட்டிக்கொண்டு இன்னும் நாலு பெரிய மனிதரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாஸ்டரைக் கதிரையில் இருத்தினார்கள். ஒரு கண் கொஞ்சம் திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் உம்மாவும் தங்கச்சியும் நின்றது எனக்குத் தெரியும்.

"கல்லுக்காரன்ட கையில புள்ளயக் குடுத்தம்" என்றார் போடியார். "குளவி இரிக்கிற பாறையெண்டு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனியா? நிக்காஹ்வுக்கு முதலே இப்பிடியெண்டா, மறுகா இந்த வீட்டில என்ட மகன் எப்பிடி இரிப்பான்?"

"மாஸ்டரே இரிக்காரு. அவருக்கிட்டயே கேளுங்க" என்றேன்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவருக்கு வாய் வீங்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் இருந்தார். கோப்பையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். தான் சொல்லாமல் போனதையோ, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொன்னதையோ, சட்டையை ஏன் எறிந்தார் என்பதையோ ஒரு சொல் சொல்லவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். போடியார் எழும்பத் தொடங்கினார்.

ஒரு பெரிய மனிதரின் முன்னாலும் குனியாதவன் நான். அன்றைக்குச் சொன்னேன்.

"என்ட பிழைதான். மேற்குப் பக்கத்தால நான்தான் ஏத்தினன். மன்னிச்சிருங்க."

போடியார் திரும்பவும் கதிரையில் இருந்தார். "பிழைய ஒத்துக்கொண்டா மனிசன்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். நாள் மாற்றமில்லை என்று பேசி முடித்துப் போனார்கள். மாஸ்டர் போகும்போது என் கையைப் பிடிக்க வந்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கச்சி கதவடியில் நின்றாள்.

"காக்கா, உங்கட பிழையா?"

"ஓம்."

"பாறையில நீங்க பிழை விட மாட்டீங்க."

"இது பாறை இல்லகா, புள்ள. உள்ள போ."

அவள் போகவில்லை. "அவரு ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல."

"அப்ப சரி" என்றாள். இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பாறைக்குப் போன எட்டாம் நாள் நிக்காஹ் நடந்தது. வாப்பா இல்லாததால் பெண்ணுக்கு வலியாக, பொறுப்பாளியாக இருந்து நான்தான் நிக்காஹ் சொல்லிக் கொடுத்தேன். வலப்பக்கக் கன்னத்தில் வீக்கம் வற்றாத ஒரு மனிதருக்கு என் தங்கச்சியைக் கொடுத்தேன். மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. நாலு பிள்ளைகள், ஒரு நாளும் கை நீட்டியதில்லை, பிறகு அதிபராகவும் வந்தார். என் லொறி ஒன்று மூன்றானபோது என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லாகவும் பேசினார். அந்த ஒரு கதையை மட்டும் அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. வங்கிக்காரரும் படம் கீறுகிறவரும் கல்யாண வீட்டில் குளவியை விரட்டியது தாங்கள்தான் என்று கதைத்துக்கொண்டு இருந்தார்கள். புரியாணியும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

எண்பத்தி நாலோ ஐந்தோ, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், மாஸ்டரின் பாடசாலையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். விடுமுறையில் பாறை ஏறப் போகிறார்களாம். மாஸ்டர் குரலை உயர்த்திக்கொண்டு, "நான் கூனன்பாறையில ஏறினவன்தான். இவர் மச்சான் பாதையப் பிழையாக் காட்டினதால..." என்று தொடங்கினார். தங்கச்சி உள்ளேயிருந்து வந்தாள். வந்தவர்களுக்கு முன்னால் அவள் வந்து நிற்பது வழக்கமில்லை.

"பாறைக்குப் போறவங்க என்ட காக்காக்கிட்டக் கேளுங்க" என்றாள். "இவருக்கிட்டக் கேட்டா உச்சி வரைக்கும்தான் சொல்லுவாரு. இறங்கின கதை இவருக்குத் தெரியாது. இவருக்குக் கண் மூடியிருந்தது."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஆசிரியர்களில் ஒருவர் பையிலிருந்து கொப்பியும் பேனையும் எடுத்தார்.

"எழுத வேணாம்" என்றேன். "முதல்ல அத்தர் பூசாதீங்க."